என்.எஃப்.எல். விதிகள் எதற்காக மாறுகின்றன: 24 வாக்குகளுக்குப் பின்னால் உள்ள வணிகம்

கையால் பந்தை எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் தன் ஆட்ட விதிகளில் கைவைக்கிறதே, அது ஆட்டத்தின் நலனுக்காகவா, தொலைக்காட்சிப் பணத்துக்காகவா என்பது கேள்வி. விளம்பர நிறுவனங்கள் சொல்லச் சொல்ல லீக் எழுதிக்கொள்கிறது என்ற விடை தவறு. வீரர் பாதுகாப்பையும் நியாயமான போட்டியையும் தவிர வேறு நோக்கமே இல்லை என்று லீக் தரும் விடையையும் முழுதாக ஏற்க முடியாது. என் கணிப்பில், விதிகள் எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதை வணிகம் வெகு முன்பே தீர்மானித்துவிடுகிறது. எந்த ஆண்டில் நகரும் என்பதைத்தான் மைதானத்தில் நேரும் ஒரு காயமோ சர்ச்சையோ தீர்மானிக்கிறது.

முதலில் வாக்கு யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லீகில் 32 அணிகள் உள்ளன. அணிக்கு ஒரு வாக்கு. ஒரு விதி மாற 24 வாக்குகள் தேவை. பயிற்சியாளர்களும் அணி நிர்வாகிகளும் அடங்கிய போட்டிக் குழு, முடிந்த பருவத்தின் காணொளிகளையும் புள்ளிவிவரங்களையும் அலசிவிட்டு, மார்ச் மாத ஆண்டுக் கூட்டத்துக்கு முன்மொழிவுகளைக் கொண்டுவருகிறது. அணிகளும் தனியாக முன்மொழியலாம். ஒவ்வொரு முன்மொழிவின் கீழும் அதன் விளைவைச் சொல்லும் ஒரு வரியும் காரணத்தைச் சொல்லும் ஒரு வரியும் இருக்கும். காரணம் கேட்கும் இடத்தில் வீரர் பாதுகாப்பு, போட்டிச் சமநிலை, ஆட்ட வேகம் போன்ற சில சொற்களே திரும்பத் திரும்ப வரும். வருவாய் என்று எழுதும் வழக்கம் இல்லை. வீரர் சங்கத்தின் கருத்து கேட்கப்படுவதுண்டு என்றாலும் களத்து விதிகளில் சங்கத்துக்கு வாக்கு கிடையாது.

களத்தில் ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்க்கும் 32 அணிகள் விதி என்று வரும்போது பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்வதற்குக் காரணம், அவற்றின் வருமானம் வந்து சேரும் வழி. அணிகள் தங்கள் ஒளிபரப்பு உரிமைகளை ஒன்றாகத் திரட்டி விற்பது ஏகபோகத் தடுப்புச் சட்டத்தை மீறுவதாகாது என்று 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அதற்காக வாஷிங்டனில் முனைந்து நின்றவர் அன்றைய லீக் ஆணையர் பீட் ரோசெல். அன்று முதல் தேசிய ஒளிபரப்புப் பணம் எல்லா அணிகளுக்கும் சரிசமமாகப் பிரிக்கப்படுகிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள்தொகை கொண்ட கிரீன் பே நகரத்து அணிக்கும் நியூயார்க் அணிக்கும் ஒரே பங்குதான். 2021 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் மதிப்பு, 2033 பருவம் வரை, சுமார் 11,000 கோடி டாலர் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. இவ்வளவு பணம் ஒரே குழாயில் வரும்போது, என் அணிக்கு இந்த விதி சாதகமா என்ற கேள்வியை விட, ஒட்டுமொத்த ஆட்டம் தொலைக்காட்சியில் எப்படி இருக்கும் என்ற கேள்வி ஒவ்வோர் உரிமையாளருக்கும் பெரிதாகிவிடுகிறது.

தொலைக்காட்சி வருவதற்கு முன்பே இந்தப் போக்கு தொடங்கிவிட்டது. 1932 டிசம்பரில் சிகாகோ பேர்ஸ் அணிக்கும் போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸ் அணிக்கும் இடையிலான இறுதி ஆட்டம், கடும் குளிர் காரணமாக, சிகாகோவின் உள்ளரங்கு ஒன்றில் சுருக்கப்பட்ட மைதானத்தில் நடந்தது. அன்றைய விதிப்படி, பந்தை முன்னோக்கி எறிபவர் ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குக் குறைந்தது 5 கஜம் பின்னால் நிற்க வேண்டும். பேர்ஸின் புரொன்கோ நகுர்ஸ்கி ரெட் கிரேஞ்சுக்கு எறிந்து டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது) ஆன பந்து அந்த விதியை மீறியது என்று எதிரணி வாதாடியும் பலிக்கவில்லை; பேர்ஸ் 9–0 என்று வென்றது. அடுத்த ஆண்டே அந்த 5 கஜ விதி நீக்கப்பட்டது. கோல் கம்பங்கள், மைதானத்தின் கடைசி எல்லையான பின்கோட்டிலிருந்து, அதற்கு முன்னே உள்ள கோல் கோட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. லீக் இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டுதோறும் ஒரு சாம்பியன் ஆட்டம் நடத்துவதென்று முடிவாயிற்று. இதற்கு முன்நின்றவர்களில் ஒருவரான ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல், சலவைக் கடைகள் நடத்திப் பணம் சேர்த்துவிட்டு அப்போதுதான் அணி வாங்கியிருந்தவர். கால்பந்து அவருக்கு ஒரு கேளிக்கைத் தொழில். புள்ளிகள் விழாமல் முடியும் ஆட்டத்துக்கு மக்கள் காசு கொடுத்து வரமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. கல்லூரிக் கால்பந்தின் நிழலில் கிடந்த லீக் ஒன்று தனக்கென ஆட்ட முறையை உருவாக்கிக்கொண்டது அந்த ஆண்டில்தான்.

வணிகப் போட்டி விதியை எவ்வளவு விரைவில் மாற்றவைக்கும் என்பதற்கு 1974ஐ விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல்கள் 543 விழுந்திருந்தன. கம்பங்கள் கோல் கோட்டிலேயே நின்றதால், பாதி மைதானம் வந்துவிட்டாலே உதைத்து 3 புள்ளி எடுத்துக்கொள்வது அணிகளுக்குப் பழக்கமாகிவிட்டது. பார்ப்பவர்களுக்கு அது சலிப்பு. இந்த நேரத்தில் உலகக் கால்பந்து லீக் என்ற பெயரில் ஒரு போட்டி லீக் கிளம்பியது. கம்பங்களைப் பின்கோட்டுக்குத் தள்ளி வைத்து, இன்னும் பல மாற்றங்களையும் அறிவித்து, எங்கள் ஆட்டம்தான் விறுவிறுப்பானது என்று அது விளம்பரம் செய்தது. மார்ச் கடைசியில் மயாமி டால்பின்ஸ் அணியின் மூன்று நட்சத்திரங்களான சோங்கா, கீக், வார்ஃபீல்டு ஆகியோர் அந்த லீகுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தி வந்தது. ஏப்ரல் முடிவதற்குள் என்.எஃப்.எல். கம்பங்களைப் பின்கோட்டுக்கு நகர்த்தியது, ஆட்டத்தின் தொடக்கத்திலும் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் பந்தை எதிரணிக்கு உதைத்துத் தரும் தொடக்க உதையின் இடத்தைப் பின்தள்ளியது, வழக்கமான பருவ ஆட்டங்களுக்கும் கூடுதல் நேரம் கொண்டுவந்தது. அந்தப் பருவத்தில் ஃபீல்டு கோல்கள் 335 ஆகக் குறைந்தன. போட்டி லீக் அடுத்த ஆண்டே மூடப்பட்டது, விதிகள் தங்கிவிட்டன.

அதற்குப் பிறகும் புள்ளிகள் கூடவில்லை. 1977இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரி சுமார் 17 புள்ளிகள். பல பத்தாண்டுகளில் அவ்வளவு குறைவாக இருந்ததில்லை. பிட்ஸ்பர்க் அணியின் மெல் பிளவுண்ட் போன்ற தற்காப்பாளர்கள், பந்தைப் பிடிக்க ஓடும் வீரரை, பந்து காற்றில் ஏறும் முன், மைதானத்தின் எந்த இடத்திலும் இடித்துத் தள்ள முடிந்தது. அதே 1977இல்தான் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடும் அதுவரை இல்லாத அளவுக்குப் பெரிய ஒப்பந்தத்தை லீக் செய்துகொண்டது. மறு ஆண்டு மூன்று மாற்றங்கள் ஒன்றாக வந்தன: பருவம் 14 ஆட்டங்களிலிருந்து 16 ஆனது, 5 கஜத்துக்கு அப்பால் பிடிப்பவரைத் தொடக்கூடாது என்றானது, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு அரணாக நிற்கும் வீரர்கள் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்றானது. எறிபவருக்கு நேரமும் பிடிப்பவருக்கு வழியும் கிடைத்தன. 1980க்குள் சராசரி 20 புள்ளிகளைத் தாண்டியது. இன்று நாம் பார்க்கும், பந்து எப்போதும் காற்றிலேயே இருக்கும் ஆட்டம் அந்த இரண்டு வாக்கியங்களின் விளைவு.

விதியின் சொற்களைத் தொடாமலேயே அதே வேலையைச் செய்யவும் முடியும். 2003 பருவத்தின் அரையிறுதியில் நியூ இங்கிலாந்து தற்காப்பாளர்கள் இண்டியானாபொலிஸ் அணியின் பிடிப்பாளர்களைப் பிடித்தும் இழுத்தும் முடக்கியபோது நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. தோற்ற அணியின் தலைவர் பில் போலியன் போட்டிக் குழு உறுப்பினர். அடுத்த பருவத்தில் 5 கஜ விதியைக் கண்டிப்பாக அமல்படுத்துமாறு நடுவர்களுக்கு அறிவுறுத்தல் போனது; அந்தப் பருவத்தில் போலியன் அணியின் பெய்டன் மேனிங் 49 டச்டவுன் பந்துகளை எறிந்து அன்றைய சாதனையை முறியடித்தார். ஓர் அணியின் மனக்குறை என்று இதைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த மனக்குறை லீகின் வணிகத் திசையோடு ஒத்துப்போனதால்தான் அவ்வளவு எளிதாகச் செவிமடுக்கப்பட்டது என்று நான் கருதுகிறேன். தற்காப்பு அணிகளின் முறையீடுகளுக்கு அந்த யோகம் வாய்ப்பது அரிது.

குவார்ட்டர்பேக்குகளுக்கான பாதுகாப்பு விதிகளில் இந்தத் திசை இன்னும் தெளிவாகத் தெரியும். 2006 ஜனவரியில் சின்சினாட்டியின் கார்சன் பால்மருக்கு முழங்காலில் அடிபட்டது. எறிபவரின் காலைத் தாழ்வாகத் தாக்குவதற்கு எதிரான விதி அந்த ஆண்டே இறுக்கப்பட்டது. 2008இன் முதல் ஆட்டத்திலேயே டாம் பிரேடி முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவத்தையே இழந்தார். 2009இல் விதி மேலும் இறுகியது. 2017 அக்டோபரில் ஏரன் ராஜர்ஸின் காறை எலும்பு உடைந்தது. மறு ஆண்டு, எறிபவர் மேல் முழு உடல் எடையோடு விழுவது தண்டிக்கப்படும் என்று நடுவர்களுக்கு வலியுறுத்தப்பட்டது. மூவருமே இரவு நேர ஒளிபரப்புகளின் முகங்கள். அவர்களில் ஒருவர் விழுந்தால் அந்த அணியின் பருவம் மட்டுமல்ல, அந்த அணியை நம்பி வரிசைப்படுத்திய ஒளிபரப்பு அட்டவணையும் விழுந்துவிடும். இந்த விதிகளால் உண்மையிலேயே காயங்கள் தவிர்க்கப்பட்டிருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருக்கிறது. தற்காப்பு வரிசையில் நிற்கும் ஒருவரை ஒருவர் மேலே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அவருடைய தொடைக்குக் கீழே பாய்ந்து வெட்டும் தடுப்பு முறை, சில வடிவங்களில், 2016 வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. அந்த வீரருக்கும் முழங்கால் உண்டு. பால்மரின் முழங்காலுக்குக் கிடைத்த அக்கறை அதற்குக் கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின.

நேரம் குறித்த விதிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒவ்வொரு பாதியும் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் ஆட்டம் நிறுத்தப்படுகிறதே, அது நடுவர் தன் கையில் நேரம் வைத்திருந்த காலத்து ஏற்பாடு; மைதானப் பலகையில் எல்லோருக்கும் நேரம் தெரியத் தொடங்கிய பின் அதற்கு அவசியம் இல்லை. ஆனாலும் அது நிற்கிறது, காரணம் அது தவறாமல் கிடைக்கும் விளம்பர இடைவேளை. 2024இல் கல்லூரிக் கால்பந்தும் அதை எடுத்துக்கொண்டது. எதிர்த்திசையிலும் ஒரு மாற்றம் நடந்தது. டச்டவுன், விளம்பரம், தொடக்க உதை, மறுபடியும் விளம்பரம் என்ற வரிசை பார்ப்பவர்களைத் துரத்துகிறது என்று உணர்ந்த லீக், 2017இல் விளம்பர இடைவேளைகளை ஆட்டத்துக்கு 21இலிருந்து 16 ஆகக் குறைத்து, ஒவ்வொன்றையும் நீளமாக்கியது. வணிகம் எப்போதும் கூடுதல் விளம்பரத்தையே கேட்கும் என்பதில்லை. பார்ப்பவர் கையில் ரிமோட் இருக்கிறது என்பதும் அதன் கணக்கில் உண்டு.

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதும் இடம் தொடக்க உதை; அதை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். பழைய முறையில், உதைக்கும் அணியின் பத்துப் பேர் முழு வேகத்தில் பாதி மைதானம் ஓடிவந்து, எதிரே வருபவர்களோடு மோதுவார்கள். ஆட்டத்தின் மற்றெந்தக் கட்டத்தையும் விடத் தலைக்காயத்துக்கு அதிக வாய்ப்பு உள்ள கட்டம் அது. 2011 முதல் ஓய்வுபெற்ற வீரர்கள், மூளைக்காய ஆபத்தை லீக் மறைத்தது என்று கூறி வழக்கு மேல் வழக்காகத் தொடுத்தார்கள், 2013இல் 76.5 கோடி டாலர் சமரசம் அறிவிக்கப்பட்டது, பின்னர் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. அதே 2011இல் உதைக்கும் இடம் 30 கஜக் கோட்டிலிருந்து (கஜம் அணியின் சொந்தக் கோல் கோட்டிலிருந்து எண்ணப்படும்) 35க்கு முன்னே வந்தது. முன்னே வந்தால் பந்து எல்லை வரை போய்விடும், யாரும் எடுத்து ஓட வேண்டியதில்லை, மோதலும் இல்லை. 2016இல், ஓடாமல் விட்டால் 25 கஜக் கோட்டிலிருந்து ஆடலாம் என்று சலுகை கூட்டப்பட்டது. 2023இல், குறைவான தூரம் வந்த பந்தைக்கூடக் கையுயர்த்திப் பிடித்துவிட்டு 25இலிருந்து தொடங்கலாம் என்றானது.

பாதுகாப்பு என்ற அளவில் இதெல்லாம் பலித்தது. ஆனால் 2023இல் உதைகளில் சுமார் 22 சதவீதம் மட்டுமே திருப்பி ஓடப்பட்டன. 2024 பிப்ரவரியில் நடந்த, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஒன்றுகூட ஓடப்படவில்லை. அமெரிக்காவில் ஆண்டு முழுவதிலும் அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சி, ஒன்றுமே நடக்காத ஒரு காட்சியோடு தொடங்கியது. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் அதுவே திரும்ப வந்தது. அடுத்த மாதமே, எக்ஸ்.எஃப்.எல். என்ற சிறு லீக் பயன்படுத்திய முறையைத் தழுவிப் புதிய தொடக்க உதையை உரிமையாளர்கள் 29–3 என்று ஏற்றார்கள். உதைப்பவர் மட்டும் 35இல் தனியாக நிற்பார். அவருடைய அணியின் மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 கஜக் கோட்டில் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு 5 கஜம் தள்ளி எதிரணியின் வரிசை. பந்து தரையிலோ ஓடுபவர் கையிலோ படும்வரை இரு வரிசைகளும் அசையக்கூடாது. வேகம் எடுக்க இடமில்லாததால் மோதலின் கடுமை குறையும். பந்து எடுத்து ஓடுவதும் நடக்கும். முதல் ஆண்டில் ஓட்டங்கள் சுமார் 33 சதவீதமாயின. அது போதாது என்று, 2025இல் ஓடாமல் விட்டால் 35 கஜக் கோடு வரை பந்து வரும் என்று உதைக்கும் அணிக்கே தண்டனையைக் கூட்டியதும், ஓட்டங்கள் அதைப் போல் இரு மடங்கைத் தாண்டின. வழக்கு அச்சம் ஆட்டத்தின் ஒரு பகுதியை ஏறக்குறைய அழித்தது. ஒளிபரப்பின் தேவை அதைப் புது வடிவில் மீட்டது. இரண்டும் வணிகமே, ஒன்று பொறுப்புத்தொகைப் பக்கம், மற்றொன்று வரவுப் பக்கம்.

பாதுகாப்பு நேரடியாக வருவாயோடு மோதினால் எது வெல்லும் என்பதற்குக் களத்து விதிகளை விட அட்டவணை விதிகள் நேர்மையான விடை தருகின்றன. 2020இல் வீரர்கள் 1,019–959 என்ற நூலிழை வித்தியாசத்தில் ஏற்ற கூட்டுப்பேர ஒப்பந்தம் (ஊதியம், வேலை நிலை பற்றி லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலானது), பருவத்தில் 17ஆவது ஆட்டத்துக்கு வழிவிட்டது. பதிலாக வருவாயில் அவர்களுடைய பங்கு சற்றே உயர்ந்தது. புதிய ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்ட அதே 2021 மார்ச்சில் உரிமையாளர்கள் 17ஆவது ஆட்டத்தையும் நிறைவேற்றினார்கள். வியாழக்கிழமை ஆட்டங்கள் இன்னொன்று. ஞாயிறு ஆடிய உடம்புக்கு நான்கு நாள் மட்டுமே ஓய்வு தரும் அந்த ஆட்டங்களுக்கு அமேசான் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் தருகிறது. பருவத்தின் பிற்பகுதியில் மந்தமான ஆட்டத்தை எடுத்துவிட்டு, நல்ல ஆட்டம் ஒன்றை ஞாயிறிலிருந்து வியாழனுக்கு மாற்றலாம் என்ற விதி 2023 மேயில் வாக்குக்கு வந்தபோது, நியூயார்க் ஜயன்ட்ஸ் உரிமையாளர் ஜான் மாரா, பயணச்சீட்டு எடுத்து மைதானத்துக்கு வரும் ரசிகர்களை நினைத்துப் பாருங்கள் என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். முடிவு 24–8, தேவையான வாக்குகளில் ஒன்றுகூட மிகையில்லை. தலைக்காயத்தைப் பற்றி அத்தனை பேசிய அதே அறையில் இந்த இரு முடிவுகளும் எடுக்கப்பட்டன என்பதை மறக்கக்கூடாது.

சூதாட்டத்தின் பங்கு நாம் நினைப்பதை விடப் பழையது. எந்த வீரருக்குக் காயம், யார் ஆடமாட்டார்கள் என்பதை அணிகள் அறிவித்தாக வேண்டும் என்ற விதி 1940களின் பிற்பகுதியிலேயே வந்தது; 1946 சாம்பியன் ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் வீரர்கள் இருவரை ஒரு சூதாடி விலைபேசிய விவகாரம் வெடித்ததைத் தொடர்ந்து, உள்தகவலுக்குச் சந்தை உருவாகக் கூடாதென்று ஆணையர் பெர்ட் பெல் அஞ்சினார். 2018இல் உச்ச நீதிமன்றம் பந்தயத் தடைச் சட்டத்தை நீக்கியது. 2021 ஏப்ரலில் லீக் மூன்று பந்தய நிறுவனங்களை அதிகாரபூர்வ பங்காளிகளாக்கிக்கொண்டது. ஒரு தவறான தீர்ப்பால் லட்சக்கணக்கானோர் பணத்தை இழக்கும் நிலையில், காணொளி உதவியால் நடுவர் தவறுகளைத் திருத்தும் விதிகள் ஆண்டுதோறும் விரிவதில் எனக்கு வியப்பில்லை.

வணிக விளக்கத்துக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு எதிராக நடுவர்கள் காணாமல் விட்ட பந்தைப் பிடிக்கப் போகும் வீரரை முன்கூட்டியே மோதித் தடுக்கும் அப்பட்டமான குறுக்கீட்டுக் குற்றத்தால் எழுந்த கூச்சலில், அத்தகைய தீர்ப்புகளையும் காணொளியில் மறுபரிசீலனை செய்யலாம் என்று 31–1 என்ற கணக்கில் விதி வந்தது. ஒரே பருவத்தில் குழப்பம் மிஞ்சவே அது கைவிடப்பட்டது. பிலடெல்பியா அணி கைவந்த கலையாக்கிக்கொண்ட, பந்து வைத்திருப்பவரைப் பின்னாலிருந்து மொத்தமாகத் தள்ளும் ஆட்டத்தைத் தடைசெய்ய கிரீன் பே கொண்டுவந்த முன்மொழிவு, 2025 மேயில் 22–10 என்று இரண்டு வாக்குகளில் தோற்றது. அது பார்க்க அழகில்லை என்று பலர் சொன்னார்கள். ஆனால் அதனால் எவருடைய ஒளிபரப்புப் பங்கும் குறையவில்லை. அந்த நிலையில் உரிமையாளர்கள் பழையபடி தத்தம் அணியின் லாப நட்டத்தைப் பார்த்து வாக்களித்தார்கள்.

அடுத்து வரப்போவது 18ஆவது ஆட்டம். ஆணையர் ராஜர் குடெல் இதை வெளிப்படையாகவே பேசி வருகிறார்: பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் இதைச் சேர்க்கலாம், சூப்பர் பவுல் பிப்ரவரி நடுவில் வரும் குடியரசுத் தலைவர்கள் தின வார இறுதிக்கு நகரலாம் என்கிறார். இதை 24 வாக்குகளால் மட்டும் செய்துவிட முடியாது. 2030 பருவத்தோடு முடியும் தற்போதைய கூட்டுப்பேர ஒப்பந்தத்தில் இதற்கு இடமில்லாததால் வீரர் சங்கம் ஒப்புக்கொண்டாக வேண்டும். வருவாய்ப் பங்கு, இரண்டாவது ஓய்வு வாரம், பெரிய வீரர் பட்டியல் ஆகியவை அந்தப் பேரத்தில் மேசைக்கு வரக்கூடியவை.